கடைசிப் படத்தில் இருப்பவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ உயிரோடு இருக்கிறாய் என்பதே எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள். உன் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, இந்த மூன்று வருஷமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதுகிற பெயிண்டர் ஒருவர் இங்கே இருக்கிறார். நீ போன பிறகு இந்தத் தீவில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டவர், உனக்குத் தெரியாது. நம் தீவு ஜனங்களின் வாழ்க்கையைப் படம் படமாக வரைந்து சமூகக் கூடத்தில் கண்காட்சி வைத்தார். ஊரே திரண்டுவிட்டது. படகிலிருந்து கேஸ் சிலிண்டர் இறக்குவது, மீன் அறுக்கிற பெண்கள், குழாயடிச் சண்டை, அலையைத் தாங்காமல் வாந்தி எடுக்கும் தலைமை ஆசிரியர் என்று மனிதர் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. டீக்கடைக்காரர் தன் படத்தை முறைத்துக்கொண்டே, "என் வயித்துக்கே பாதி பெயிண்ட் காலியாயிருக்கும் போல" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு மாறாமல்தான் கடைசிப் படத்துக்கு வந்தேன். அக்கரைத் துறைமுகத்து ஐஸ் கம்பெனி. நம் மீன் போய்ச் சேருகிற இடம் என்பதால் அதையும் வரைந்திருந்தார். ஒருவன் பெரிய ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டு இழுக்கிறான், சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு. சின்ன வயதில் தண்ணீர் தூக்கும்போதெல்லாம் நீ அப்படிக் கடித்து அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியிருப்பாய். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நீ அடுப்பில் சுட்டுக்கொண்ட அந்த இடது புருவம், பாதிதான் இருந்தது.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. பக்கத்தில் யாரோ என்னிடம் பேசுகிறார்கள், வாய் அசைவது மட்டும் தெரிகிறது. எப்படியோ பெயிண்டரை ஓரமாக அழைத்துக் கேட்டேன். "ஆமாக்கா, போன மாசம் நேர்ல பாத்து வரைஞ்சதுதான். பேர் கேட்டேன், சொல்லல. எந்த ஊருன்னு கேட்டேன், ஊரெல்லாம் இல்லன்னாரு" என்றார். போன மாதம், தம்பி. போன மாதம் நீ ஒரு மனிதரோடு நின்று பேசியிருக்கிறாய்.

படத்தைக் கழற்றச் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் மனைவி வந்துவிட்டாள். மறைப்பதற்காக முன்னால் போய் நின்றேன். என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். வெகுநேரம் பார்த்தாள். "மெலிஞ்சிட்டாரு" என்றாள். அவ்வளவுதான், அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த உன் புகைப்படத்தை இறக்கி, துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அம்மாவிடம் நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை.

உன்மேல் எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. நாங்கள் அழுத அழுகை உனக்குத் தெரியாது. ஆனால் நீ ஏன் வரவில்லை என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. படகு கவிழ்ந்த அன்று உன்னோடு வந்தவன் உன் சிநேகிதன் நெட்டையன் ஒருவன்தான். காற்று சரியில்லை, போகாதே என்று அவன் அம்மா தடுத்தும் வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டவன் நீ. அவன் பிணமாகக் கரை ஒதுங்கினான். அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துவிட்டாய், இல்லையா?

அவரும் கண்காட்சிக்கு வந்தார். கூடத்தைப் பூட்டும் சமயத்தில் அந்தப் படத்தின் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கத்தப்போகிறார், ஊரைக் கூட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இவன் இருக்கான்ல. அப்போ என் புள்ள கடைசியா என்ன பேசினான்னு சொல்ல ஒரு ஆளு இருக்கு. வரச் சொல்லு. அத மட்டும்தான் கேப்பேன், வேற ஒன்னும் கேக்க மாட்டேன்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பெயிண்டர் திரும்ப அந்தப் பக்கம் போகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்களுக்காக வர மனமில்லாவிட்டால் போகட்டும், அவருக்காக ஒரு நடை வந்துவிட்டுப் போ. அவர் வாசல்வரை நானும் கூட வருகிறேன், நீ தனியாகப் போக வேண்டாம்.

ஐஸை வெறுங்கையால் தொடாதே. படத்தில் உன் விரல் நுனியெல்லாம் நீலம் பூத்திருந்தது. அது பெயிண்டருடைய கற்பனையாகவே இருக்கட்டும். நல்லபடியாக இரு, கண்ணா.

இப்படிக்கு,
உன் அக்கா