தூரமா என்று மட்டும் கேட்டேன்

6 ஆகஸ்ட் 1995, ஞாயிறு

கல்லாற்றுக்குப் போய்வந்த சைக்கிளைக் கழுவ இந்தக் கரமனை ஆறு முழுவதும் வேண்டும். அத்தனை சேறு. காலில் மூன்று அட்டைக்கடி. பார்கவி உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பாவின் அட்டை என்றால் அவளுக்குத் திருவிழா.

நாற்பத்தாறு வயது மனுஷர். அச்சகத்தில் ஆறு நாள் ஈய எழுத்தோடு மாரடித்துவிட்டு ஏழாம் நாள் தூங்கக் கூடாதா? விடிவதற்கு முன் கிளம்பி நெடுமங்காடு, விதுரை, கல்லாறு. அங்கே கோலப்பன் கடையில் சாயா. பிறகு பொன்முடி வளைவுகள். முன்பெல்லாம் இவர் சிநேகிதர் பிச்சுமணியும் கூடப் போவார். முழங்கால் போனதிலிருந்து இவர் தனிதான்.

எனக்கு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் "எந்த ஊர்? எந்த நம்பர்?" என்று கேட்டே வாய் ஓய்ந்துவிடுகிறது. வீட்டிலாவது சும்மா இருக்கலாம் என்றால், இவர் ராத்திரிச் சாப்பாட்டில் மலையைத்தான் பரிமாறுகிறார்.

20 ஆகஸ்ட்

இன்று கல்லாறு இல்லையாம். பாலோட்டுக்கு அப்புறம் ஒரு மலை. ஊர்க்காரர்கள் வெட்டிமுறிச்சான் என்கிறார்களாம்.

மாமனார் சொல்லி நானும் கேட்ட கதைதான். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு மரம் வெட்ட அங்கே ஒரு வண்டிப்பாதை போட்டார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மாமனார் அங்கே பேரெழுதும் குமாஸ்தா. ஒரே மழைக்காலத்தில் நாற்பது பேர் மலைக்காய்ச்சலில் போனார்கள். பாதை ஓரத்தில் குழி தோண்டி மூடிவிட்டு மறுநாள் வேலை நடந்ததாம். சண்டை முடிந்ததும் பாதையும் பாதியில் நின்றது. செத்தவர்களின் ஊருக்குக் கடிதம் எழுதவேண்டியது மாமனாரின் வேலை. எழுதவில்லை. மேலிடத்தில் வேண்டாம் என்றார்கள் என்பார். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு பிடி எள்ளாவது இறைக்கவேண்டும் என்கிறார் இவர். "அப்பா பாக்கி வெச்சுட்டுப் போயிட்டார் விசாலம்."

பாதை இன்னும் இருக்கிறதாம். காடு மூடியிருக்கிறது, ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாமாம். மேலே ஓடைகளைத் தாண்டக் கட்டிய கல்மதகெல்லாம் இற்றுக் கிடக்கிறது என்றும் அவரே சொன்னார். யானைச்சாணியும் பார்த்தாராம்.

3 செப்டம்பர்

சண்டை. பார்கவி தலைமேல் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினார். இனி கல்லாறோடு சரி, வெட்டிமுறிச்சான் பக்கம் போவதில்லை. மூன்று நாள் பேசமாட்டார். பரவாயில்லை.

18 செப்டம்பர், திங்கள்

அவர் வரவில்லை.

நேற்றுக் காலை ஐந்து மணி. சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார். பார்கவி எழுந்து வந்து வாசலில் நின்றாள். "அப்பா, எங்க—" என்று ஆரம்பித்தாள். நான் வாயைப் பொத்தினேன். கிளம்புகிற மனுஷரிடம் எங்கே என்று கேட்கலாமா? தெருவில் ஒரு குழந்தைக்குத் தெரியாததா இது? கேட்டால் காரியம் விளங்காது. அவர் திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்கவேண்டும். விடிகாலையில் எதற்கு அபசகுனம் என்று, கையில் கொஞ்சம் அழுத்தியேதான் பொத்தினேன். "தூரமா?" என்று மட்டும் நான் கேட்டேன். அப்படித்தான் கேட்பது.

"கொஞ்சம் தூரம்தான்" என்றார். போய்விட்டார்.

இன்று பிச்சுமணியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "எங்கோட்டாணு போயது, சேச்சி?" என்றார் புகார் எழுதுகிறவர். கல்லாறு என்றேன். நிச்சயமா என்றார். எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறார், கல்லாறுதான் என்றேன்.

19 செப்டம்பர்

மலையில் மழை. கல்லாறு கரைபுரண்டு போகிறது. ஆற்றில்தான் தேடுகிறார்கள்.

20 செப்டம்பர், புதன்

நானும் போனேன். பாறைகளுக்கு நடுவே கழிபோட்டுத் துழாவுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சைக்கிள்காரரைப் பார்த்தேன் என்று எவனோ சொன்னானாம். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள்.

கோலப்பன் கடையிலிருந்து இறங்கி வந்தான். "அக்கா, அண்ணாச்சி இந்தப் பக்கம் வரல்ல, கேட்டியளா. வந்தா என் கடையில ஒரு சாயா குடிக்காம மேல போவாரா?"

உனக்கென்ன தெரியும் என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். கூட்டத்தில் நீ பார்த்திருக்கமாட்டாய் என்றேன். பாவம், கடைக்கு ஏறிப் போய்விட்டான். ஒரு டம்ளர் கட்டன்சாயா, பால் விடாதது, கொடுத்தனுப்பினான்.

21 செப்டம்பர், வியாழன்

மத்தியானம் அடுத்த வீட்டு பகவதி மாமி வந்தாள். மகாளய பட்சமாயிற்றே. "விசாலம், தப்பா நெனச்சுக்காதே. நாளைக்கு எங்காத்து மாமா தர்ப்பணம் பண்ணத் தர்ப்பைக் கட்டு இல்லே. உங்காத்துல இருக்கோ?"

அலமாரியில் தகர டப்பாவைத் திறந்தேன். தர்ப்பை இல்லை. எள்ளுப் பொட்டலமும் இல்லை. போன வெள்ளிக்கிழமை நானே வாங்கி வைத்தது. எங்கள் வீட்டில் அமாவாசைக்குத்தானே அது வேண்டும், இன்னும் மூன்று நாள் இருக்கிறதே.

எள்ளை எடுத்துக்கொண்டு யாராவது பொன்முடிக்குப் போவார்களா?

டப்பாவைப் போட்டுவிட்டுப் பிச்சுமணி வீட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடினேன். "மன்னி, வெட்டிமுறிச்சானா?" என்றார். அவருக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்தது. பாலோட்டு வன அலுவலகத்துக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து நானே லைன் போட்டேன். இருட்டிவிட்டது, விடிந்ததும் ஏறுகிறோம் என்றார்கள்.

ஐயோ, சத்தியம் பண்ணினாரே. குழந்தை தலையில் அடித்துப் பண்ணினாரே.

22 செப்டம்பர்

கிடைத்துவிட்டார்.

30 செப்டம்பர்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்தப் பாதையில் ஐந்தாவது மதகு. கல் இடிந்து சைக்கிளோடு உள்ளே விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்திருந்தது. எள்ளுப் பொட்டலம் பைக்குள் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. சைக்கிள் மணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். விரல்களைப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது என்றார் பிச்சுமணி. சொல்லியிருக்கவேண்டாம். நான்தான் கேட்டேன்.

மணியடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாருக்குக் கேட்கும்? நாங்கள் எல்லோரும் வேறு மலையில் ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவர், இளம் வயது. தயங்கித் தயங்கிச் சொன்னார். புதன்கிழமை வரை உயிர் இருந்திருக்கவேண்டும். செவ்வாய்க்குள் எடுத்திருந்தால் ஒருவேளை.

புதன்கிழமை நான் கோலப்பனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் பார்கவி கேட்டிருந்தால்? அந்தக் குழந்தையிடம் அவர் ஒரு பொய் சொன்னதில்லை. அட்டை கடித்தால் வலிக்குமா என்று கேட்டால்கூட வலிக்கும் என்பார். அவள் "எங்க போறே" என்று முடித்திருந்தால் வெட்டிமுறிச்சான் என்று சொல்லியிருப்பார். நான் ஒரு கூப்பாடு போட்டிருப்பேன். போகாமல் இருந்திருப்பார். போயிருந்தாலும் எங்கே என்று தெரிந்திருக்கும்.

அவள் வாயை நான்தானே பொத்தினேன். இந்தக் கைதான்.

15 நவம்பர்

பார்கவி என்னை எதுவும் கேட்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். "ஒரு டவுட்டும் சோதிக்கில்ல, நல்ல குட்டியாயிருந்நு" என்கிறாள். நல்ல குழந்தையாக இருந்தவள், இப்போது ஒரு சந்தேகமும் கேட்பதில்லையாம்.

நான் கடைக்குக் கிளம்பினால் வாசல்வரை வந்து நின்று பார்க்கிறாள். உதடு அசைகிறது. பிறகு மூடிக்கொள்கிறாள். இன்று அவள் முன்னால் மண்டியிட்டு, கேளுடி, எதுவானாலும் கேளு என்றேன். பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டாள்.

8 பிப்ரவரி 1996

எக்ஸ்சேஞ்சில் ஒரு கிழவர், "எந்த ஊர்" என்று கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் இருந்தார். லைனில் மூச்சு மட்டும் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன். சூப்பர்வைசர் வந்து என் ஹெட்போனைக் கழற்றினாள். நான் அழுதுகொண்டிருந்தேனாம்.

12 அக்டோபர், சனி. மகாளய அமாவாசை

வருஷம் திரும்பிவிட்டது. அவர் திதி நாலு நாள் முன்பு முடிந்தது.

அந்தப் பொட்டலத்தைப் போலீசார் திருப்பிக் கொடுத்ததிலிருந்து டப்பாவிலேயே வைத்திருந்தேன். இன்று பிச்சுமணி தன் வீட்டுத் தர்ப்பணத்தை விடியலிலேயே முடித்துவிட்டு வந்தார். வனக் காவலர் ஒருவர் கூட வருவதாக ஏற்பாடு. அந்த நாற்பது பேருக்கும் இன்று இறைத்துவிடுவது என்று நானும் அவரும் ஒரு மாதமாகப் பேசிவைத்தது. முழங்காலைப் பற்றிக் கேட்டதற்கு, "தவழ்ந்தாவது வரேன் மன்னி" என்றார். பார்கவிக்கு இரண்டாம் சனி லீவு. பகவதி மாமி பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

"அம்மா, எங்க போறே?"

ஒரு வருஷத்தில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி. பகவதி மாமி "அட ராமா" என்று வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். அபசகுனம் கழிக்க இல்லை. அவளுக்குப் பதில் சொல்ல.

எல்லாவற்றையும் சொன்னேன். கிழக்கேகோட்டையில் எந்த பஸ், பாலோட்டில் எத்தனை மணிக்கு இறங்குவேன், அங்கிருந்து யார் கூட வருவார், மலையின் பேர், ஐந்தாவது மதகு. வன அலுவலக நம்பரைக் காலண்டரில் பெரிதாக எழுதினேன்.

"எப்போ வருவே?"

"அஞ்சு மணிக்கு. ஆறு ஆயும் வரல்லேன்னா, இந்த நம்பருக்குப் போன் பண்ணி, வெட்டிமுறிச்சான்னு சொல்லணும்."

"வெட்டிமுறிச்சான், அஞ்சாவது மதகு" என்று அவளும் சொன்னாள். நம்பரையும் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

மேலே எள் இறைத்தபோது நாற்பது பேர் எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மதகடியிலேயே இறைத்தோம். அவருக்கும் சேர்த்து.

திரும்பும்போது பஸ் நெடுமங்காட்டில் நின்றுவிட்டது. வீடு வரும்போது ஐந்தே முக்கால். பார்கவி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.