பின்னாடி காளி இருபத்தொன்று

என் வாயைப் பொறுத்துக்கொண்ட என் அன்பு மாதேசு மச்சானுக்கு,

இரண்டு நாளாக எனக்கு எதுவும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு வாசலில் நடந்ததை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும். யாரிடம் கொட்டுவது? சைக்கிள் சமாச்சாரம் என்றால் உங்களிடம் சொல்லித்தானே எனக்குப் பழக்கம். நீங்கள் போய் ஆறு வாரம் ஆகிறது என்பது என் கட்டைவிரலுக்கு இன்னும் தெரியவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தால் அது தானாக உங்கள் பெயரில் போய் நிற்கிறது.

இதை நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக நாம் யாரென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற கௌதள்ளிக்காரர். வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்து, மைசூருக்கு வந்து லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். என் சாந்தி அக்காவைக் கட்டியவர். ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. நான் மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போய் ஒரு ஃபாக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற ஆள். பத்து வருஷமாக நாம் இருவரும் சேர்ந்தால் பேசுகிற ஒரே பேச்சு மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள்.

நீங்கள் தமிழ் எழுதப் பழகியது கல்யாணத்துக்குப் பிறகு, அக்காவுக்கு மெசேஜ் போடுவதற்காக. அதில் ஒரு ல, ள கூட அதனதன் இடத்தில் இருக்காது. ஒருமுறை ‘களைப்பாக இருக்கு’ என்பதைக் ‘கலைப்பாக இருக்கு’ என்று எழுதி அனுப்பினீர்கள். அதை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லி உங்கள் மானத்தை வாங்கினேன். அந்தக் கிண்டலே இப்படித் திரும்பி வந்து என் கன்னத்தில் அறையும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன மழைக்காலம் முடிந்ததும் புது சைக்கிள் ஒன்று கட்டப்போகிறேன் என்றீர்கள். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் ஒன்றும் கிடையாது, ஹார்டுடெயில். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடையில் ரெடியாக வாங்குவதைவிட, ஃப்ரேம் தனி, ஃபோர்க் தனி, சக்கரம் தனி என்று பொறுக்கிச் சேர்ப்பதில் உள்ள சுகம் எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும்.

ஆனால் நீங்கள் வாங்கிய ஒவ்வொன்றையும் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. ஃப்ரேம் ஸ்மால் சைஸ். கேட்டால் “அதுதான் இருந்துச்சு” என்றீர்கள். பெடல் மாட்டுகிற கிராங்க் குட்டை. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துக் குறுக்கினீர்கள். லீவரை அழுத்தினால் கீழே இறங்குகிற சீட் கம்பி வேறு. “மச்சான், இதுல நீங்க உக்காந்தா ஒட்டகம் ஆட்டுக்குட்டி மேல ஏறுனாப்பல இருக்கும்” என்றேன். நீங்கள் சிரித்துவிட்டுப் பேச்சை டயருக்கு மாற்றினீர்கள்.

டயரில்தான் சண்டை முற்றியது. நம் பக்கத்து மண் காய்ந்தால் கல் மாதிரி, மேலே பொடிச் சரளை. முன்னால் நல்ல அகலமாக, பெரிய பெரிய பட்டன் வைத்த டயர் போடுங்கள், பிடித்து நிற்கும். பின்னால் பட்டன் சின்னதாக, கெட்டி ரப்பரில் போடுங்கள், ஏற்றத்தில் இழுக்காது, சீக்கிரம் தேயாது. இது என் கட்சி. நீங்கள் இரண்டுமே மெத்தென்ற ரப்பர்தான் வேண்டும், பின்னாலும் பிடிப்புதான் முக்கியம், வேகம் போனால் போகட்டும் என்றீர்கள். “மெத்து ரப்பர்ல கம்மியா காத்து வெச்சு ஓட்டுனா உங்க எடைக்கு ரிம்மு நசுங்கிரும். நீங்க என்ன அம்பது கிலோவா?” என்று கத்தினேன். அந்தப் பக்கம் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அந்த மௌனம் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. “என்னைய எதுக்குக் கேக்கறீங்க? உங்க இஷ்டத்துக்கு மாட்டிட்டு எங்கியோ போய் உளுங்க” என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

நான் உங்களிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டீர்கள். நான் எடுக்கவில்லை. கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தேன், மச்சான். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு அபார்ட்மென்டில் லிஃப்டைச் சரி செய்துவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் ஃபாக்டரியில் கையுறையோடு அப்படியே நின்றேன். யாரோ வந்து ஃபோனை என் கையிலிருந்து வாங்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் மாடிப்படிக்கு அடியில் அந்த சைக்கிளைப் பார்த்தேன். போர்த்தியிருந்த பெட்ஷீட்டை விலக்கினேன். முழுசாகக் கட்டி முடித்திருந்தீர்கள். டயர் இரண்டும் நீங்கள் சொன்ன மெத்து ரப்பர்தான். இரண்டு ரிம்மிலும் வெள்ளை டேப் ஒட்டி, உங்கள் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது. ‘முன்னாடி காளி 18.’ ‘பின்னாடி காளி 21.’ முன் சக்கரம் தரையோடு சப்பையாகக் கிடந்தது.

காளி என்பதைக் காலி என்று படித்துக்கொண்டேன். உங்கள் ல, ள லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. நாம் சண்டை போட்ட தேதி என்ன என்று ஃபோனில் தேடினேன். பதினேழு. சண்டைக்கு மறுநாள், பதினெட்டாம் தேதி, முன் சக்கரத்தைக் காலி பண்ணியிருக்கிறீர்கள். இருபத்தொன்றாம் தேதி பின் சக்கரத்தையும். நான் சொன்ன வார்த்தையில் மனசு விட்டுப்போய், ஆசையாகக் கட்டிய வண்டியின் காற்றைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டீர்கள். அப்படித்தான் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வண்டி அக்கா கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்று தோன்றியது. சரியாகச் சொன்னால், என் கண்ணில் படக் கூடாது. “வித்துரலாமாக்கா?” என்றேன். “பாக்கலாம் டா” என்றாள். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு நானே ஆளைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றார்.

எட்டு மணிக்கே போய் வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தேன். பின் சக்கரத்தை அழுத்திப் பார்த்தால் கொஞ்சம் காற்று இருந்தது. காலி பண்ணியதில் மிச்சம் நின்றிருக்கும் என்று நினைத்து வால்வைத் திறந்தேன். புஸ்ஸென்று போனது. டியூப் இல்லாத டயர் அல்லவா, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருக்கும் பால் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக. பிறகு முன்னால், அழுத்தம் காட்டுகிற முள் வைத்த பம்பை மாட்டி அடிக்க ஆரம்பித்தேன்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நைட்டி, தோளில் துண்டு. பம்பைப் பார்த்தாள்.

“எத்தன அடிக்கறே?”

“இருபத்தாறு.”

“எறக்கு. கல்லு மேல குதிக்கும். முன்னாடி பதினெட்டுதான்.”

நான் பம்பைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தேன். என் அக்கா, மச்சான். கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் மாற்றுவதற்கு என்னைக் கூப்பிடுகிற அக்கா.

“உனக்கு யாரு சொன்னா?”

“எழுதி ஒட்டியிருக்குதுல்ல. காளி பதினெட்டுன்னு.”

“அது காலிக்கா. மச்சான் பதினெட்டாந்தேதி காத்தப் புடுங்கிட்டாருன்னு எழுதியிருக்காரு.”

அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “காளி டா. பங்க்சர் கடைக்குப் போனா காளி ஹாக்கின்னு தானே கேக்கறே? அந்தக் காளி.”

கன்னடத்தில் காற்றுக்கு அதுதானே பேர். முப்பது வருஷமாக மைசூரில் தினம் வாயால் சொல்கிற வார்த்தை. தமிழ் எழுத்தில் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை நீங்கள் ள-வைச் சரியான இடத்தில் போட்டீர்கள். அதையும் நான் தப்பு என்று திருத்திப் படித்தேன்.

அப்போதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. “தொண்ணூறு கிலோ ஆளு பதினெட்டுல எப்படி ஓட்டுவாரு?” என்று கேட்டேன்.

“அவரு ஏன் ஓட்டறாரு? இது என் சைக்கிளு.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நைட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். பெடல் பல் கிழித்த தழும்பு, வரிசையாக நாலு. குக்கர் மூடி பட்டது என்று எனக்குச் சொல்லப்பட்ட தழும்பு. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு கோயில் என்று நீங்கள் இருவரும் கிளம்பிப் போனது ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிற மண்பாதைக்காம். நீங்கள் திரும்பி வந்து கொடுத்த தேங்காய் மூடியை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே, அது எந்தக் கடைத் தேங்காய் மச்சான்?

“என்கிட்ட எதுக்குக்கா மறைச்சீங்க?”

“உன் வாய்க்குப் பயந்துதான். அன்னைக்கு ஒருத்தி ஓட்டிட்டுப் போறதப் பாத்து, இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இதுன்னு சிரிச்சியே. நானும் பக்கத்துலதான் நின்னேன்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் சொல்லியிருப்பேன்.

ஆக ஃப்ரேமும் கிராங்கும் அறுத்த ஹேண்டில்பாரும் சரி. மெத்து டயரும் சரி. ஐம்பத்திரண்டு கிலோ ஆளுக்கு, பள்ளத்தில் இறங்கப் பயப்படுகிற ஆளுக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்தது அத்தனையும் அச்சாகப் பொருந்துகிறது. நான் சண்டை போட்டது இல்லாத ஒரு ஆளுக்காக. நான் கத்திய அன்று ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததாம். ‘நீங்க என்ன அம்பது கிலோவா’ என்றதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாளாம். உங்கள் மனசு விட்டுப்போகவில்லை, நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு மாதமாக என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய அதே நிமிஷத்தில் அக்கா அடுத்ததைச் சொன்னாள்.

“ரெண்டு தடவ கூப்புட்டாரே, அது எதுக்குன்னு நெனச்சே? ஞாயித்துக்கெழம நீயும் வா, வந்து இவ ஓட்டறதப் பாருன்னு சொல்லத்தான். நீ எடுக்கல.”

வாங்க வந்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, வண்டி விற்கிறதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஏதோ திட்டினார். திட்டட்டும்.

திரும்பிப் பார்த்தால் அக்கா பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலால் டயரை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. மறுபடி அழுத்தினாள்.

“நேத்து கூட இருந்துச்சே” என்றாள். “முன்னாடி எறங்கிருச்சு. பின்னாடி எறங்கவே இல்ல. தெனம் காலைல எந்திரிச்சதும் வந்து அமுக்கிப் பாப்பேன். இருந்துச்சு டா.”

“நான்தான்க்கா இப்பத் தொறந்து விட்டேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தாள்.

“அது அவரு அடிச்ச காளி டா, சேகரு.”

மச்சான், நான் என்ன செய்துவிட்டேன்? கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் குனிந்து அடித்த காற்று அது. ஆறு வாரம் அந்த டயர் அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது. மெத்து ரப்பர் லாயக்கில்லை என்று நான் திட்டிய அதே டயர். அக்காவுக்கு உங்களில் மிச்சம் இருந்தது அது ஒன்று. நான் வந்து வால்வைத் திறந்து, ஃபோர்மேன் தோரணையில் நின்றுகொண்டு, புஸ்ஸென்று வாசலில் விட்டுவிட்டேன். காளி என்று நீங்கள் எழுதினீர்கள். காலி பண்ணியது நான்.

அவள் அழுவாள், அடிப்பாள், போடா வெளியே என்பாள் என்று காத்திருந்தேன். பால்காரர் வந்து போனார். எதிர்வீட்டு அம்மா “ஏனாய்த்து சாந்தம்மா?” என்று, என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் கேட்டார். “ஏனில்ல”, ஒன்றுமில்லை என்று சொல்லி அக்கா எழுந்தாள். “பம்பக் குடு” என்றாள். நான் அடிக்கிறேன் என்றேன். “சும்னிரு” என்றாள்.

அவளே வால்வில் மாட்டினாள். அவளே காலால் மிதித்துப் பிடித்து அடித்தாள். முள் இருபத்தொன்றில் நின்றதும் நிறுத்தினாள். டேப் ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தது. அதை எச்சில் தொட்டு ஒட்டினாள். உள்ளே போய் சுடிதாரில் திரும்பி வந்து, சீட் லீவரை அழுத்தி ஏறி உட்கார்ந்து, உங்கள் தெருவின் மூலை வரைக்கும் போனாள். அங்கே நடைபாதைக் கல் ஒன்றரை ஜாண் உயரம் இருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி அதன் மேல் வைத்து ஏறிப் போனாள். எனக்கு அது இன்னும் வராது மச்சான், உங்களுக்கே தெரியும்.

திரும்பி வந்தபோது அவள் கண்ணெல்லாம் ஈரம். “அடுத்த ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்கு வர்றியா?” என்றாள். “வாயத் தொறக்கக் கூடாது.”

போகிறேன். அவளுக்குப் பின்னால்தான் ஓட்டுவேன். வாயைத் திறக்க மாட்டேன். வருகிற வருஷம் கௌதள்ளியிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு அவளை ஓட்டிக்கொண்டு போவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்களாமே, அதற்கும் நானே கூடப் போகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் எழுவதற்குள் வாசலுக்கு வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிடுவேன். முன்னாடி பதினெட்டு, பின்னாடி இருபத்தொன்று. இனிமேல் அவள் விரல் உள்ளே போகாது, மச்சான்.

உங்கள் ஃபோனை எடுக்காத மச்சினன்,
சேகர்