ஒரே மோதலின் இரண்டு துண்டுகள்

பெரியவனின் அப்பாவுக்கு,

நாம் பிரிந்தபோது உங்களோடு வந்துவிட்ட அவனை விடுமுறைக்கு இங்கே அனுப்பியதற்கு நன்றி.

கனமான அணுக்கருக்கள் மோதும்போது பிறக்கும் ஒரு துகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பிறந்த வேகத்திலேயே அது இரண்டாக உடைந்துவிடும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். நானோ ஒரு மாதமாக வெவ்வேறு மோதல்களின் துண்டுகளை ஜோடி சேர்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே மோதலின் துண்டுகளை மட்டும் சேர்க்கும்படி நேற்றுத்தான் திருத்தினேன். அந்தத் துகளின் அடையாளமாக வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது.

மதியம் நம் பிள்ளைகள் இருவரும் ஆய்வுக்கூடக் கேன்டீனில் ஒரு கேக்குக்காக மல்லுக்கு நின்றார்கள். பரிமாறும் அம்மா சிரித்தார்.

"ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே? கோபம் வந்தா ஒரே மாதிரி மூக்கு சுருங்குது."

உங்கள் மூக்குதான்.

"ஆமா, ஒரே வீடுதான்" என்றேன். பொய் சொன்னதாகவே தோன்றவில்லை.

சின்னவளின் அம்மா