எண்பது டிகிரிக்கு முன்னாடி அணைக்கக் கூடாது

என் வாலுக்கு,

இங்க நான், உங்கப்பா, உன் கார் மூணு பேரும் சுகம். நீ அங்க வேளைக்குச் சாப்பிடறியான்னு கேக்க மாட்டேன், கேட்டா பொய் சொல்லுவே. போன்ல பேசினா பாதியில கத்துவேன்னுதான் கடிதம், முழுசாப் படிச்சுட்டுக் கத்து.

இப்போதைக்குத் திரும்பி வர்றதா இல்ல, வண்டியை வித்துடுங்கன்னு நீ சொன்ன அன்னைக்கு உங்கப்பா நேரா ஷெட்டுக்குப் போய்த் துடைக்க ஆரம்பிச்சுட்டார். துடைச்சதோட விட்டாரா? மீன் வைக்கிற குளிர்கிடங்குலயே காலம் தள்ளின மனுஷனாச்சே, எதுவும் குளிர்ச்சியா இருந்தா கெடாதுங்கிறது ஒண்ணுதான் அவருக்குத் தெரிஞ்ச அறிவு. இன்ஜினை ஆத்துற கூலண்ட் தண்ணி சூடாகிற வரைக்கும் அதை ரேடியேட்டர் பக்கம் விடாம மறிக்குமே தெர்மோஸ்டாட், அந்தக் குட்டி வால்வைத் தடையா இருக்குன்னு கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார். முன்னாடி ஒரு பெரிய ஃபேன் வேற. இன்ஜின் சூடு பார்க்க நீ மாட்டின நம்பர் மீட்டர் அறுபது டிகிரியைத் தாண்டலை, இவர் என்னமோ மெடல் வாங்கின மாதிரி சிரிக்கிறார். வண்டியோட வந்த மீட்டரைப் பத்திச் சொல்லவே வேணாம். அந்த முள்ளு நடுவுல தூங்கிட்டே இருந்து எல்லாம் கைமீறினப்புறம்தான் எழுந்திருக்கும், உங்கப்பா மாதிரியே.

உன் வண்டியை எப்பவும் பார்க்கிற மெக்கானிக் தம்பி வந்து பார்த்துட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டான். "சார், இது மீன் இல்ல, இன்ஜின்"னான். ரோட்டரி இன்ஜினுக்கு எண்பத்திரண்டுலேருந்து தொண்ணூத்தஞ்சுக்குள்ள இருந்தாத்தான் நிம்மதியாம். நூத்தஞ்சைத் தாண்டினா உள்ள இருக்கிற சீல் போயிடுமாம், ஆறிக்கிடந்தா பெட்ரோலைக் குடிச்சுத் தேயுமாம். ஸ்டார்ட் பண்ணினா எண்பது வர்ற வரைக்கும் அணைக்கவே கூடாது, அணைச்சா பெட்ரோல் உள்ள தேங்கி அப்புறம் கிளம்பாதுன்னு எனக்கு ரெண்டு தடவை சொன்னான். யார்கிட்ட சொல்றான் பாரு. காத்திருக்கத் தெரிஞ்சவளா இருந்தா ரெண்டாவது வருஷத்துலயே காலேஜை விட்டுட்டு வந்திருப்பேனா, இருபது வயசுல உன்னைத்தான் பெத்திருப்பேனா?

அதே வாரம் எதிர்வீட்டுக்குச் சாமான் ஏத்தின லாரி வந்துச்சு. வழிவிடறதுக்கு வண்டியை நாலடி பின்னாடி எடுத்தேன், டக்குன்னு அணைச்சுட்டு உள்ள வந்துட்டேன். மறுநாள் வாங்க வந்தவர் பல் டாக்டர். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வண்டி இருமிச்சே தவிரக் கிளம்பலை. இன்ஜினையே பிடுங்கிப் போடணும்னு சொல்லிட்டுப் போயிட்டார், அவர் தொழில் அது. நான் திட்டு விழப்போகுதுன்னு நிக்கிறேன், உங்கப்பா ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது என் மூஞ்சியைப் பார்க்காம, "வண்டி இருந்தா வருவாடி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

மெக்கானிக் தம்பி வால்வைத் திருப்பி மாட்டி, பிளக்கைக் கழட்டித் துடைச்சுக் கிளப்பிக் குடுத்தான். மீட்டர் அழகா எண்பத்தஞ்சுல நின்னுச்சு. போன வாரம் புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு பார்க்க வர்றதாச் சொல்லியிருந்தாங்க. அவங்க வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வண்டியை நாலடி பின்னாடி எடுத்து, டக்குன்னு அணைச்சேன். இந்தத் தடவை லாரி எதுவும் வரலை.

கத்தறதுன்னா இப்பக் கத்திக்கோ. விக்கிறதுன்னா நீயே வந்து வித்துட்டுப் போ, எங்க கையால ஆகாது. ராத்திரி கண்ணு முழிக்காதே, மேலதிகாரி கத்தினா கொதிக்காதே, அதுக்காக எங்க விஷயத்துல ஒரேயடியா ஆறியும் போயிடாதே. நீ நல்லா இருப்பே, எங்க ரெண்டு பேர் வாக்கு அது. ஷெட்டோட இன்னொரு சாவி உன்கிட்டதான் இருக்கு, தொலைச்சுடாதே.

உன்னை மாதிரியே அவசரக்காரி,
அம்மா

பி.கு.: ஜோடியும் திரும்பிப் போயிடுச்சு, மெக்கானிக் தம்பி மறுபடி கிளப்பிக் குடுத்தான். நாளைக்கு மூணாவது ஆள் வர்றார். காலையில ஷெட்டுல பார்த்தேன், வண்டி நாலடி பின்னாடி நிக்குது. சத்தியமா நான் தொடலை.