உன் பெயருக்கு முன்னால் நான் போட்ட பட்டம்

பரலோகத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் அருமை மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் வீட்டுக்காரி, அதான் என் தங்கச்சி எஸ்தர், உன் மொபெட்டை இன்னும் யாரையும் தொட விடுவதில்லை. கூடப் பிறந்த அண்ணன் என்னைக்கூட.

நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கு நம் வடக்கனந்தல் சபையில் நினைவு ஆராதனை வைத்தோம். பிளெக்ஸ் என் பொறுப்பு. கள்ளக்குறிச்சியிலேயே இவ்வளவு பெரிசாக யாருக்கும் அடித்ததில்லை என்று கடைக்காரரே சொன்னார். அத்தனை வருஷம் கல்வராயன் மலைக்கு ஊழியத்துக்கு ஏறி இறங்கினவனை வெறும் உபதேசியார் என்று போட மனசு வரவில்லை. 'அப்போஸ்தலர்' என்று போட்டுவிட்டேன்.

போதகர் பார்த்ததும் கழற்றச் சொன்னார். அப்போஸ்தலர் என்றால் ஆண்டவரைக் கண்ணால் பார்த்து, அவரே அனுப்பினவர்கள்; அந்த ஊழியம் அவர்களோடு முடிந்தது என்றார். சின்னசேலம் பக்கம் ஒருத்தர் தனக்குத் தானே அந்தப் பட்டம் போட்டுக்கொண்டு காரில் வருகிறாரே என்றேன். அவரையும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"அவங்க சபைக்கு அஸ்திவாரம், அண்ணே. அஸ்திவாரம் ஒரு தடவைதான் போடுவாங்க. கொத்தனாரு, உங்களுக்குத் தெரியாதா?"

என்னிடமா அஸ்திவாரம்? நான் போட்டதைப் பார்க்கத் திருக்கோவிலூரிலிருந்து இன்ஜினியர் வந்தது ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்குத்தான் வந்தார் என்றாலும் பார்த்தாரே.

"மச்சான் மாதிரி மலை மேல புது வூடு கட்டினா, கீழ் வூட்டு அஸ்திவாரம் தாங்குமாங்க ஐயா?" என்றேன். சபையே ஆடிப்போனது. போதகர் மட்டும் சிரித்தார்.

"வூடு ஒண்ணுதான் அண்ணே. மேல இருக்கிறது அதே வூட்டுச் சுவரு."

இதற்கு என்னிடம் நூறு பதில் உண்டு. முதல் பதிலுக்கு வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் வெள்ளையன் வந்தார், மேலே நீ ஜெபம் நடத்தின ஆறு வீட்டுக்கும் பெரியவர். வெள்ளிமலையில் முதல் பஸ் பிடித்து, ஒரு சின்ன மூட்டையோடு வந்திருந்தார். அறுப்பில் முதல் படி சாமையை நீ ஜெபித்த பிறகுதானே ஆறு வீடும் சேர்ந்து ஆக்கித் தின்பார்கள்? போன அறுப்பில் எடுத்து வைத்ததுதான் அந்த மூட்டை, அப்படியே இருக்கிறது. உனக்குப் பின் யாரும் மலை ஏறவில்லை, மச்சான்.

எங்கள் வழக்கை அவரிடமும் சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்தார்.

"பட்டம் இன்னா வேணா போட்டுக்கோங்க. அடுத்து யாரு வருவாங்க? அத்த மட்டும் சொல்லுங்க."

ஐந்து ஊர் சபையைச் சுமக்கிற போதகர் தரையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பொய் எதற்கு, நானும் பார்த்தேன். அப்புறம் என் வாய் முந்திக்கொண்டது. "நான் வரேன்."

"அண்ணே, உனுக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா?" என்றாள் எஸ்தர். கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து உன் வண்டிச் சாவியை நீட்டினாள்.

போன ஞாயிறு ஏறினேன். வழியில் ஒரு கரடி ஒதுங்கி வழிவிட்டது. வண்டி மூன்று வளைவில் நின்றுபோனதை மட்டும் எஸ்தர் கனவில் போய்ச் சொல்லிவிடாதே. பெரிய ஜெபமாகத் தயார் பண்ணிப் போனேன். அந்த முகங்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்தது. சின்ன வயசில் படித்த கர்த்தருடைய ஜெபத்தையே சொன்னேன். ஆகாரம் கேட்கிற இடத்தில் நிறுத்திவிட்டு அந்த மூட்டையைப் பார்த்தேன். மீதியை அவர்களே சொல்லி முடித்தார்கள். நீ சொல்லிக் கொடுத்த அதே ராகம். அப்புறம் அந்தச் சாமையைச் சோறு ஆக்கினோம். நாலு தட்டு தின்றேன்.

பிளெக்ஸில் அந்த வார்த்தை மேல் வெள்ளைத்தாள் ஒட்டியாயிற்று. பசை கொஞ்சம் கம்மியாகத்தான் தடவினேன்.

ஆனாலும் கேள்வி தீரவில்லை. அந்த ஊழியம் முடிந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா? அந்த அப்போஸ்தலர்கள் எல்லாம் அங்கேதானே இருக்காங்க. நல்ல நேரம் பார்த்துக் கேட்டு வை. நீ பதில் சொல்கிற வரைக்கும் மாசத்தில் இரண்டு ஞாயிறு நான் மலைக்குப் போய்க்கினே இருப்பேன். இது வாக்கு.

உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றும் மச்சான்,
கொத்தனார் தாவீது