நான் அடித்த 'உம்'

ஜூன் 4, புதன்

காலை நடை முப்பது நிமிடம். வாசல் பூட்டை வழக்கம்போல மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

பேத்தி பள்ளி ரோபோ அணிக்குத் தலைவி ஆகியிருக்கிறாள். பதவி வந்த நேரம், ஆளில்லை. பெரியவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். மிச்சம் நான்கு பேர். பதினான்காம் தேதி அறிமுக நாள். அன்று மாலைக்குள் புதிதாகப் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் அவர்களுடைய பட்டறை அறை டேபிள் டென்னிஸுக்குப் போய்விடுமாம். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

போன வருட அழைப்புத் தாளைக் காட்டினாள். 'உலகை வெல்லப் பிறந்தவர்களே!' மூன்று கோப்பைகள். பின்னால் கைகட்டி நிற்கும் ஏழு பேர். அதைப் பார்த்து வந்தவர்கள் இருவர். ஒருவர் வீடியோ கேம் என்று நினைத்து வந்தவர்.

எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் இதைப் பார்த்திருந்தால் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போயிருப்பேன். அவளிடம் சொல்லவில்லை. ரோபோவைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

ஜூன் 6, வெள்ளி

புதுத் தாளைத் திருத்தக் கொடுத்தாள். முப்பத்தைந்து வருடம் பாடப்புத்தக அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் — எனக்குக் கொஞ்சம் தைரியம் உள்ள ஒரே வேலை அது. ஒற்றுப்பிழை ஆறு. கடைசி வரி: 'எதுவும் தெரியாதவர்களும் வரலாம்.' மூன்று சொல்லில் இரண்டு 'உம்'. காதில் இடித்தது. இரண்டாவதை அடித்தேன். சிவப்பு மையில், அழகாக.

ஜூன் 9, திங்கள்

முந்நூறு தாளும் அச்சாகி வந்துவிட்டன. வரி சின்னதாகிவிட்டதால் அச்சகக்காரர் அதை நட்டநடுவில், பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். கோப்பைகள் ஒரு மூலையில்.

எதுவும் தெரியாதவர்கள் வரலாம்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்? 'உம்' இருந்தால் அவர்களும் வரலாம். இல்லாவிட்டால் அவர்கள்தான் வரலாம். முப்பத்தைந்து வருடம் எத்தனை பேரை இதற்காகத் திருத்தியிருப்பேன்!

பேத்தி தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தாத்தா, இது ரோபோ அணியா, மக்குகள் சங்கமா?"

மகனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மருமகள்தான், "எனக்கே போய்ச் சேரணும்போல இருக்கு" என்றாள். ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாள்.

ஜூன் 10, செவ்வாய்

'உம்' சேர்க்க உட்கார்ந்தேன். முதலில் 'ள்' தலையில் உள்ள புள்ளியை வெள்ளை மையால் மறைக்க வேண்டும். பிறகு கீழே சுழித்து 'ளு' ஆக்க வேண்டும். பிறகு இடுக்கில் ஒரு 'ம்'. பதினொரு தாள் முடித்தேன். காக்கை எச்சமிட்டதுபோல இருந்தது. பேத்தி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். மறுபடி அச்சடிக்க நேரமில்லை, அப்படியே ஒட்டுங்கள் என்று அணியைப் பார்த்துக்கொள்ளும் இயற்பியல் ஆசிரியர் சொல்லிவிட்டாராம்.

ஜூன் 12, வியாழன்

பேத்தி என்னிடம் சாதாரணமாகவே பேசுகிறாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

என்னைப் பட்டறை வாசலில் உட்காரவைத்து, பெயர் எழுதும் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். கோடு போட்டு வரிசை எண் பன்னிரண்டு வரை எழுதினேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பத்து மணி வரை யாருமில்லை. பிறகு ஒரு பெண் வந்து, படிக்கு வெளியிலேயே நின்றாள். கையில் நம் தாள். "இதில போட்டிருக்கறது நிஜமா? எனக்கு ஸ்க்ரூ டிரைவர்கூடப் பிடிக்கத் தெரியாது."

"அப்ப நீதாம்மா வரவேண்டிய ஆள்" என்றேன். நானா சொன்னேன்? நான்தான்.

அவள் திரும்பிக் கையசைத்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அப்புறம் கூட்டம்.

பக்கவாட்டில் நகர்வதால் அவர்களுடைய ரோபோவுக்கு 'நண்டு' என்று பெயர். பந்தை எடுத்துக் கூடையில் போட வேண்டும். எடுத்தது. நேராக இயற்பியல் ஆசிரியரின் செருப்பருகே கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றது. ஒரே சிரிப்பு. பேத்தியின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். பேட்டரியின் மேல் பழி போடப்போகிறாள் என்று நினைத்தேன்.

சுவரில் ஒட்டியிருந்த தாளை ஒரு முறை பார்த்தாள். "ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எனக்கும் தெரியல. யாராவது வந்து பாருங்களேன்."

அவ்வளவுதான், பாதிப் பேர் தரையில் படுத்துவிட்டார்கள். ஸ்க்ரூ டிரைவர் தெரியாதவள்தான் ஒரு கம்பி மாறியிருப்பதைக் கண்டுபிடித்தாள்.

பத்தொன்பது பெயர்கள். பன்னிரண்டுக்குக் கீழே கோணல்மாணலாக ஏழு வரி நானே போட்டேன். டேபிள் டென்னிஸ்காரர் ஒருவரும் அதில் உண்டு.

வீட்டுக்கு வரும் வழியில் பேத்தி என் தோள்மேல் கைபோட்டுக்கொண்டாள்.

மே 28, வியாழன். புது நோட்டு

இந்த வருடத் தாள் திருத்தத்துக்கு வந்திருக்கிறது. எழுதியவள் அந்த ஸ்க்ரூ டிரைவர் பெண். கோப்பை இல்லை, கைகட்டியவர்கள் இல்லை. தரையில் கவிழ்ந்து நண்டுக்கு அடியில் எட்டிப்பார்க்கும் முதுகுகள்தான் படம். ஒற்றுப்பிழை நான்கு. கடைசி வரி, இலக்கணப்படி மிகச் சரியாக: 'எதுவும் தெரியாதவர்களும் வரலாம்.'

'உம்'மை அடித்தேன். ஒரே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினேன்.