விக்கல் ஓடிய வாரம்

ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி புயலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலம் எப்படி என்று உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, அதைப் பிறகு பேசுகிறேன். முதலில் தலை போகிற விஷயம். நம் படக்கதை 'உப்புக்கோட்டை' இந்த வார அத்தியாயம் வந்துவிட்டது.

தீயணைப்புப் பயிற்சி நிலையத்தில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் நீ அந்த வேலைக்கு மனுவே போட்டிருக்க மாட்டாய் என்று அம்மா சொல்கிறாள். போகட்டும். வாரா வாரம் படித்து எழுதி அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் வாசித்துக் காட்டுகிறாயாமே, அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே மழை. வெள்ளைக்குடைக்காரன் வந்துவிட்டான்! அவன் குடையை விரித்தால் மழை கொட்டும். கோட்டையோ உப்பால் கட்டியது. வடக்குச் சுவர் மெழுகுவர்த்தி மாதிரி வழிகிறது. தளபதி இன்னும் மயக்கத்தில். பழைய சண்டையில் இடக்கையைப் பறிகொடுத்த நம் ஒற்றைக்கை அக்கா தெற்கு வாசலில் மாட்டிக்கொண்டாள். அபாய மணியை அடிக்கக் கோபுரத்தில் மிச்சம் இருப்பது யார் தெரியுமா? உன் ஆள். பயம் வந்தால் பேச்சு வராமல் விக்கல் மட்டுமே வருகிற நம்ம விக்கல்! கடைசிப் படத்தில் அவன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. மணிக்கயிறு, அதைப் பிடித்த ஒரு கை. அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில், 'ஆசிரியருக்கு ஓய்வு, அடுத்த வாரம் அத்தியாயம் இல்லை' என்று ஒரு வரி.

நான் போனைத் தலையணைமேல் எறிந்து, "ஐயோ, அடுத்த வாரம் மாங்கா இல்லையாம்!" என்று அலறினேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கடைல இல்லாட்டி சந்தைல பாரேன், அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே?" என்றாள். இது ஜப்பான்காரர்களின் படக்கதை மாங்காம்மா, பெயர் உப்புக்கோட்டை என்று விளக்கினேன். மாங்காய்க்கு உப்பு என்றதும் அவள் இன்னும் குழம்பிப்போனாள். கடைசியில் முழுக் கதையையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, "மயங்கிக் கிடக்கிறானே, அவனுக்கு யாரு கஞ்சி குடுக்கறா?" என்றாள். இதுவரை எந்த ரசிகனும் கேட்காத கேள்வி.

இனி உன் விஷயம். ஏணிப் பயிற்சியில் நாலாவது மாடிக்கு மேல் கால் நகரவில்லை, மறுபடியும் இறக்கிவிட்டார்கள், பையைப் பாதி கட்டி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் சொல்லாதே என்றும் எழுதியிருக்கிறாய். சொல்லவில்லை. அவர் பஸ் டெப்போவில் எல்லோரிடமும், "எம்பையன் அங்க ஏணில பறக்கிறானாம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

குளிக்கப் போனால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்பவன் என்பதால்தான் உனக்குப் புயல் என்று பெயர் வைத்தோம். இப்போது மட்டும் என்ன அவசரம்? பை அப்படியே பாதியில் இருக்கட்டும். விக்கல் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
அக்கா


திங்கள், கடை உணவு இடைவேளை

அன்புத் தம்பிக்கு,

அடித்தான்டா! விக்கல் மணியை அடித்துவிட்டான்!

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்சைத் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னித்துக்கொள். ஒரு வாரம் காக்க வைத்தாலும் என்ன அத்தியாயம்! கோபுரம் அடியில் கரைகிறது. எல்லோரும் ஓடு என்கிறார்கள். விக்கல் கயிற்றை விடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம். மழையில் நனைந்த முகம், பல்லைக் கடித்துக்கொண்டு, "பயம் என்னைப் பிடித்திருக்கலாம், ஆனால் நான் கயிற்றைப் பிடித்திருக்கிறேன்!" என்கிறான். மணிச் சத்தத்தில் கோட்டையே எழுந்துவிட்டது. விக்கல் அப்போதே நின்றுவிட்டது. ஒற்றைக்கை அக்கா ஓடி வந்து அவனை இரண்டு கைகளாலும் வாரி அணைத்துக்கொள்கிறாள். நான் அழுதேவிட்டேன்.

இணையத்தில் ரசிகர்கள் ஆடித் தீர்க்கிறார்கள். எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிறவரை உனக்குத் தெரியும், வியாழக்கிழமையே திருட்டுத்தனமாகக் கசிந்த பக்கங்களைப் பார்த்துவிட்டு வந்து, "சொல்லட்டுமா?" என்று கழுத்தறுப்பாரே, அவரே வாயடைத்துப் போய்விட்டார்.

சும்மா சொல்கிறேன், பயந்தவர்கள்தான் கடைசியில் பெரிய காரியம் செய்வார்கள் போலிருக்கிறது. உன் ஏணி எப்படி இருக்கிறது? சாப்பாடு? பூட்ஸ் இன்னும் கடிக்கிறதா? அம்மா பஞ்சு அனுப்பியிருக்கிறாள்.

பதில் போடு.
அக்கா


ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பயிற்சிக் கூடமே கைதட்டியது, சமையல்காரர்கூட அடுத்து என்ன என்று கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். மிக்க மகிழ்ச்சி. மிக்க கவலையும்கூட.

இந்த வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. மழை பெய்தது. தளபதி தூங்கினார். தெற்கு வாசலிலிருந்து ஒற்றைக்கை அக்கா எப்படித் தப்பினாள் என்று கேட்டாயே, அதைக் காட்டவில்லை. விக்கல் எங்கே என்றால், அவன்... ஓய்வெடுக்கிறான். மணி அடித்த களைப்பு. வெள்ளைக்குடைக்காரனுக்கும் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருந்தது. மொத்தத்தில் சப்பென்ற அத்தியாயம், சமையல்காரரிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஆமாம், அத்தியாயத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீ ஏணியைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எழுது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா


ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன்

அன்புள்ள தம்பி புயலுக்கு,

மாட்டிக்கொண்டேன். உனக்கு மாதம் ஒரு முறை கிடைக்கும் அந்த இரண்டு நிமிட போனில் அம்மா இப்படிக் குட்டை உடைப்பாள் என்று யாருக்குத் தெரியும்? உடம்பு எப்படி, சளி இருக்கா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது, "அந்த விக்கல் பையன் ஓடிப்போயிட்டானாமே, பாவம்டா, போர்த்திக்கக்கூட ஒண்ணும் எடுத்துட்டுப் போகல" என்று சொன்னாளே, நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவளுக்கு நான் உண்மையான அத்தியாயத்தைத்தான் வாராவாரம் படித்துக் காட்டுகிறேன். அவளிடம் பொய் சொல்லிப் பிழைத்தவர் யார்?

ஆமாம். விக்கல் ஓடினான். மணியை அடிக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டுப் படியில் இறங்கி, பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டான். தெற்கு வாசல் விழுந்தது, தளபதியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் படித்த அன்று எனக்கு ஆசிரியர்மேல் வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. உன் பை அங்கே பாதி கட்டியபடி கிடக்கும்போது இதை எப்படி உனக்கு எழுதுவேன்? அதனால் நானே ஓர் அத்தியாயம் தயாரித்தேன்.

அதற்கு நீ எழுதியிருக்கும் விமர்சனம் இருக்கிறதே! "அக்கா, ஒத்தைக்கை அக்காவுக்கு ரெண்டாவது கை எப்ப முளைச்சுது?" என்கிறாய். "அவ்வளவு நீளமா வசனம் பேச விக்கலை விக்கல் விடுமா?" என்கிறாய். கைதட்டிய அன்றே சந்தேகம் வந்துவிட்டதாம், கட்டில்காரர்களின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாயாம். சமையல்காரர் மட்டும் என் அத்தியாயமே சிறந்தது என்று இன்னும் வாதாடுகிறாராம். அவருக்கு என் நன்றியைச் சொல்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறாய், ஏறிவிட்டேன் என்று. அதுவும் என் பொய்க் கடிதம் வந்து சேர்வதற்கு முதல் நாளே! இன்னொரு முறையும் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் போன கடிதத்தில் எழுதவில்லையாம். நான் அத்தனை பாடுபட்டு மணி அடித்ததெல்லாம் வீண்.

அந்த நாலு வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. நாலாவது மாடியில் நின்று அழுதுவிட்டாயாம். மூக்கு ஒழுகியதாம். துடைக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும், ஏணியில் கையை விட முடியாது, மேலே மேடைக்குப் போனால்தான் துடைக்கலாம் என்று ஏறினாயாம். தைரியமெல்லாம் வரவில்லை அக்கா, மூக்குதான் வந்தது என்று எழுதியிருக்கிறாய். தம்பி, உலகத்தில் எந்த ஆசிரியரும் இப்படி ஒரு காட்சியை எழுதியதில்லை. நான் சிரித்த சிரிப்பில் கண் பரிசோதிக்கிறவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்தபின் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விக்கல் ஓடிய அத்தியாயத்தை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டிய அன்று, இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நம் கதைகளை அவர் என்றைக்காவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறாரா? அன்று நிமிராமலே, "அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பி வந்தா, ஏன் வந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது. சோறு போடுங்க, அவ்வளவுதான்" என்றார். கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பிறகு போய்விட்டார். உன்னைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள், சொன்னார்களா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. நீ ஏறிய செய்தியைச் சொன்னபோது, "பறக்கிறான்னு நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அதட்டினார். அன்று குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

இந்த வாரத்து உண்மையான அத்தியாயம் இதோ. சத்தியமாக உண்மை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வசனம் இல்லை. கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகுக்கு அடியில் விக்கல் உட்கார்ந்திருக்கிறான். மழை. ஒரு நண்டு வருகிறது, போகிறது. அவன் காலை மடக்குகிறான், நீட்டுகிறான். தூரத்தில் கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகிறது. கடைசிப் படத்தில் ஒரே ஒரு விக்கல். ரசிகர்கள் காறித் துப்புகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு நண்டு படம் போடுகிறான் என்று. நான் மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் என்றால் நானும் திட்டியிருப்பேன். ஓடினவனும் கதைக்குள்ளதான் இருக்கான் அக்கா என்று நீ எழுதினாயே, அதன் பிறகு திட்ட வரவில்லை.

இன்னொரு விஷயம். அடுத்த அத்தியாயங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே. படிக்கவே போவதில்லை. நீ பயிற்சி முடிந்து வருவதற்குள் இன்னும் சில அத்தியாயங்கள் வந்துவிடும். படகுக்கு அடியிலிருந்து அவன் வெளியே வருகிறானா என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். கண் பரிசோதிக்கிறவரிடம், வியாழக்கிழமைகளில் வாயைத் திறந்தால் அவர் கண்ணாடியில் இடது லென்சை வலதில் மாட்டிவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இணையத்தின் பக்கமே போகவில்லை. ஞாயிறு மாலைகளில் கை பரபரக்கும்போது அம்மாவுடன் துணி மடிக்கிறேன். அவளுக்கும் தாங்கவில்லை. இருந்தாலும், "அவன் வரட்டும், சேந்து படிக்கலாம்" என்று அவளே முதலில் சொன்னாள்.

ஏறுவதற்கு உன் பயிற்சியாளர் சொல்லித் தருவார். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இறங்கும்போது அவசரப்படாதே. ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, மெதுவாக, உன் வழக்கப்படியே மெதுவாக, பத்திரமாக இறங்கி வா.

என்றும் உன்
அக்கா